பிள்ளைக்காக யார் பேசுவது? மழலையர் ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

மழலையர் பள்ளி, அங்கன்வாடி, டே கேர் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் எட்டு இங்கே. எட்டிலும் இழுபறி ஒன்றுதான். பெற்றோர் ஒன்று கேட்கிறார்கள், நிர்வாகம் வேறொன்று சொல்கிறது, நடுவில் நிற்கும் பிள்ளைக்குத் தன் பக்கத்தைச் சொல்லத் தெரியாது. அமெரிக்காவின் மழலையர் கல்விச் சங்கமான என்.ஏ.இ.ஒய்.சி. 1989-இல் முதன்முதலாக ஏற்ற நெறிமுறைத் தொகுப்பு இன்றைக்கும் பல நாடுகளில் பாடமாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடாது என்பதும், மற்ற விதிகளெல்லாம் அதற்குப் பிறகே என்பதும் அதன் அடிப்படை. நம் ஊர்க் கேள்விகளுக்கும் அதையே அளவுகோலாக வைத்திருக்கிறோம்.

நான்கு வயதுப் பையன். மதியம் சாப்பிட்டதும் அவனாகவே பாயில் சுருண்டுவிடுகிறான். “மதியம் தூங்கினா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் ஆட்டம் போடுறான், தூங்க விடாதீங்க மிஸ்” என்று அம்மா கெஞ்சுகிறார். அவர் விடியற்காலையில் எழுந்து பனியன் கம்பெனிக்குப் போகிறவர். யார் சொல்வதைக் கேட்பது?
டே கேர் ஆசிரியை, திருப்பூர்

அம்மாவின் களைப்பும் நிஜம், பையனின் தூக்கமும் நிஜம். முதலில் கணக்கைப் பாருங்கள். மூன்று, நான்கு வயதுக்கு ஒரு நாளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். இரவு 11 மணிக்குத் தூங்கி காலை 6.30-க்கு எழுந்தால் ஏழரை மணி நேரம். மதியம் இரண்டு மணி நேரம் சேர்த்தாலும் ஒன்பதரைதான். இப்போதே அவனுக்குக் குறைவு. மதியத் தூக்கத்தை ஒரேயடியாக நிறுத்தினால் ஏழரையோடு நிற்பான். மாலையில் எரிந்துவிழுவான், சோர்வு மிஞ்சிப்போய் ராத்திரி தூங்குவதும் கஷ்டமாகும்.

தூங்கவைப்பதா வேண்டாமா என்று அவரோடு வாதாடாமல், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று பேசுங்கள். சாப்பாட்டை முன்னால் தள்ளி 12.30-க்குப் படுக்க வையுங்கள். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரம். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் குறைத்து, முக்கால் மணியில் நிறுத்துங்கள். எழுப்பும்போது ஜன்னலைத் திறந்து, பெயர் சொல்லி, முதுகைத் தடவி எழுப்புங்கள். முகத்தில் தண்ணீர் தெளிப்பதும் தூக்கி நிறுத்துவதும் கூடாது. வீட்டில் இரவு விளக்கையும் போனையும் எத்தனை மணிக்கு அணைக்கிறார்கள் என்று அம்மாவும் குறித்துத் தரட்டும். இரண்டு வாரம் கழித்து இரண்டு பேரின் குறிப்பையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் அவன் உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்தால், “அவனுக்கு இது தேவைப்படுதும்மா, தடுக்க என்னால முடியாது” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். தூங்கவிட்டுவிட்டு “தூங்கலை” என்று சொல்வது மட்டும் வேண்டாம். அது ஒரு நாள் தெரிந்துவிட்டால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார்.

இன்னொன்று. பல டே கேர்களில் ஊழியர்களின் ஓய்வுக்காக எல்லாப் பிள்ளைகளையும் இரண்டு மணி நேரம் இருட்டறையில் படுக்க வைக்கிறார்கள். தூக்கம் வராத பிள்ளையை இருபது நிமிடத்துக்கு மேல் படுக்க வைப்பது ஓய்வாகாது. அவர்களுக்கு ஒரு மூலையில் படப் புத்தகமோ கட்டைகளோ கொடுங்கள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை கடித்துவிட்டது. “எந்தப் பிள்ளை கடிச்சது, பேரைச் சொல்லுங்க” என்று அம்மா சண்டைக்கு வருகிறார். சொல்லாமல் இருப்பது மறைப்பதாகாதா?
ப்ரீ கேஜி ஆசிரியை, சேலம்

நடந்ததை முழுவதும் சொல்லவேண்டும். பெயரை மட்டும் சொல்லக்கூடாது. பெயர் வெளியே வந்த மறுநாளே அந்தக் குழந்தை ‘கடிக்கிற பிள்ளை’ ஆகிவிடும், கேட்டில் நிற்கும் நான்கு அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். “ஒரு வீட்டுப் பிள்ளையைப் பத்தி இன்னொரு வீட்டுல நான் பேசறதில்லை. உங்க பிள்ளையைப் பத்தியும் அப்படித்தான்” என்று சொல்லுங்கள். இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் அடங்குவார்கள். பிள்ளையே வீட்டில் பெயரைச் சொல்லியிருந்தால், இல்லை என்று பொய் சொல்லவேண்டாம். ஆமாம் என்றும் சொல்லவேண்டாம்.

கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் சில நிமிடம் கழுவுங்கள். தோல் கிழிந்திருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டவேண்டும். அம்மாவுக்கு உடனே போன் செய்யுங்கள். சாயங்காலம் கூப்பிட வந்த இடத்தில் பல் தடத்தைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டார் என்றால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எத்தனை மணிக்கு நடந்தது, என்ன சிகிச்சை கொடுத்தோம், மறுபடி நடக்காமலிருக்க நாளையிலிருந்து என்ன மாற்றப்போகிறோம் என்ற மூன்றும் அந்தப் பேச்சில் வரவேண்டும். கடித்த பிள்ளையின் வீட்டுக்கும் தனியாகத் தகவல் போகவேண்டும்.

மாற்ற வேண்டியது என்ன என்பது குறிப்பில்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் நேரம், இடம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பக்கத்தில் யார் என்று எழுதுங்கள். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை கடிப்பது சாதாரணம். பேச்சு வராததும், பசியும், நெரிசலும், ஒரே பொம்மைக்கு இரண்டு பேர் நிற்பதும்தான் பெரும்பாலும் காரணம். சாப்பாட்டுக்கு முந்தைய அரை மணியிலேயே எல்லாம் நடக்கிறது என்று குறிப்பு காட்டினால், பத்தரை மணிக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள். திருப்பிக் கடிக்கச் சொல்வதும் வாயில் மிளகாய் தேய்ப்பதும் சித்திரவதை. அதைச் செய்யும் உதவியாளரை நீங்கள்தான் தடுக்கவேண்டும்.

எடை குறைந்த பிள்ளைகள் அதிகம் காட்டினால் மேலிடத்தில் கேள்வி வருமாம். “போன மாசத்து எடையோட இருநூறு கிராம் சேர்த்துப் போட்டுடுங்க” என்கிறார்கள். வராத பிள்ளைகளுக்கும் வருகை போடச் சொல்கிறார்கள். சம்பளத்தை நம்பி இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்?
அங்கன்வாடிப் பணியாளர், ஊர் வேண்டாம்

பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ கூடும் வயது இது. மாதத்துக்கு இருநூறு கிராம் என்பது பார்க்க நியாயமாகத் தெரியும் எண். அதனால்தான் இந்தப் பொய் பிடிபடுவதில்லை. மூன்று மாதம் வயிற்றுப்போக்கில் கிடந்து எடை இறங்கிய பிள்ளையின் கோடு வளர்ச்சி அட்டையில் ஏறிக்கொண்டே போகும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள பிள்ளைக்குச் சாதாரண சளி, பேதிகூட உயிராபத்து. கடுமையான குறைபாட்டைக் காட்டும் பகுதியில் விழவேண்டிய புள்ளியை நல்ல எடையைக் காட்டும் பச்சையில் வைத்தால், அந்தப் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டிய கூடுதல் உணவும் ஆஸ்பத்திரிப் பரிந்துரையும் போகாது. மற்றக் கணக்கில் தப்பு நடந்தால் பணம் போகும், இந்தக் கணக்கில் பிள்ளை போய்விடலாம்.

உங்கள் அளவை யாரும் குறைசொல்ல முடியாதபடி எடுங்கள். எடை மெஷின் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்தில் நிற்கவேண்டும். செருப்பு, கனமான உடை, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். நிற்க மறுக்கும் பெரிய பிள்ளையைப் படுக்க வைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழிக்கவேண்டும். இதை விட்டுவிடுவதால் வரும் தவறு ஏராளம். ஆறு மாதம் முடிந்த பிள்ளைகளுக்கு ஐந்து வயது வரை, இடது மேற்கையில் தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நட்டநடுவில், கை தளர்ந்து தொங்கும்போது நாடா சுற்றுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழ் என்றால் கடுமையான குறைபாடு, 11.5 முதல் 12.5 வரை என்றால் மிதமானது. இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் எடை எவ்வளவு இருந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். வீக்கத்தின் நீர்தான் எடையைக் கூட்டிக் காட்டுகிறது.

பதிவேட்டில் அளந்த எண்ணை, அளந்த அன்றே, பேனாவால் எழுதுங்கள். அங்கன்வாடிப் பதிவுக்கான போஷன் டிராக்கர் செயலியிலும் அதே எண். மாற்றச் சொன்னால், “எழுத்துல கொடுங்க மேடம், போட்டுடறேன்” என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் தரத் துணிபவர் அரிது. யார், எந்தத் தேதியில் சொன்னார் என்று உங்கள் சொந்த நோட்டில் குறித்து வையுங்கள். தனியாக நின்றால் அழுத்தம் உங்கள் மேல் மட்டும்தான் விழும். ஆகவே வட்டாரத்தில் உள்ள மற்றப் பணியாளர்களோடு பேசி, சங்கத்தின் பெயரில் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்குக் கடிதம் கொடுங்கள். வராத பிள்ளைக்கு வருகை போட்டால் அந்தப் பிள்ளையின் முட்டையும் பருப்பும் எங்கே போயின என்ற கேள்வி ஒரு நாள் வரும். அப்போது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும்.

ஆசிரியர் தினத்துக்கு ஒரு பெற்றோர் வெள்ளி விளக்கு கொடுத்தார். வாங்கலாமா?
எல்.கே.ஜி. ஆசிரியை, கோயம்புத்தூர்

வேண்டாம். பிள்ளை வரைந்த அட்டை, ஒரு பூ, வகுப்பு முழுக்கப் பகிரும் இனிப்பு போதும். பணம், தங்கம், வெள்ளி, கிஃப்ட் கார்டு எதுவானாலும் அன்றே திருப்பிக் கொடுங்கள். ஜூன் மாத முதல் கூட்டத்திலேயே பள்ளி இதை அறிவித்துவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

ஒரு பிள்ளை, “வேன் அங்கிள் இங்க தொட்டாரு, வலிக்குது” என்று சொன்னால் நாங்கள் செய்யவேண்டியது என்ன? முதலில் பள்ளிக்குள் விசாரித்து, உண்மையென்று தெரிந்த பிறகே போலீசுக்குப் போகவேண்டும் என்பது எங்கள் நிர்வாகத்தின் வழக்கம்.
யு.கே.ஜி. ஆசிரியை, திருச்சி

அந்த வழக்கம் சட்டத்துக்கு விரோதம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012, 19-ஆவது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவரோ நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவித்தே ஆகவேண்டும். இது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உள்ள கடமை. தலைமை ஆசிரியையிடம் சொன்னதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. தெரிவிக்காதவருக்கு 21-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்த நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போடமுடியாது. உண்மையா என்று கண்டுபிடிப்பது போலீசின் வேலை. பள்ளி விசாரிக்கத் தொடங்கினால் சம்பந்தப்பட்டவர் உஷாராகிவிடுவார், பிள்ளையும் பயந்து வாயை மூடிக்கொள்ளும்.

பிள்ளை சொல்லும் அந்த நிமிடத்தில் நீங்கள் நடந்துகொள்ளும் விதம்தான் மிக முக்கியம். முகத்தில் அதிர்ச்சி காட்டாதீர்கள். கீழே உட்கார்ந்து, பிள்ளை சொல்வதை நிறுத்தாமல் கேளுங்கள். “நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பே இல்லை” என்று சொல்லுங்கள். “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. மேலே ஏதாவது கேட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் “அப்புறம் என்ன ஆச்சு?” என்பது மட்டும் போதும். “டிரைவரா? சட்டையைக் கழட்டினாரா?” என்று நீங்கள் விவரத்தை எடுத்துக் கொடுத்தால், இந்த வயதுப் பிள்ளை பெரியவர்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிடும். நீதிமன்றத்தில் குற்றவாளியின் வழக்கறிஞர் முதலில் கை வைக்கும் இடம் அதுதான். தலைமை ஆசிரியை முன்னால், தாளாளர் முன்னால் என்று பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கக் கூடாது.

அடுத்த கால் மணிக்குள் எழுதுங்கள். பிள்ளை பயன்படுத்திய சொற்களை அப்படியே, உறுப்புக்கு அது சொல்லும் செல்லப் பெயரையும் மாற்றாமல், நேரத்தோடு எழுதுங்கள். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். உடையை மாற்றவோ குளிப்பாட்டவோ வேண்டாம், தடயம் போய்விடும். ரத்தமோ வலியோ இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. புகார் பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வழி உண்டு. சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்கவேண்டும். சந்தேகம் வீட்டில் இருப்பவர் மேல் இல்லையென்றால் பெற்றோருக்கு உடனே சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர் மேல்தான் என்றால் முதலில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் அல்லது போலீஸ். அந்த டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். ஆனால் அன்று மாலை அந்த வேனில் எந்தப் பிள்ளையும் ஏறக்கூடாது, அதற்குப் பள்ளி பொறுப்பு.

பெற்றோர் அஞ்சுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு அலைவதை. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, கூடியமட்டும் சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிவு செய்யவேண்டும் என்பது சட்டம். இதை அவர்களிடம் சொல்லுங்கள். பிள்ளையின் பெயரோ அடையாளமோ வாட்ஸ்அப் குரூப்பில் வந்தால் அது தனிக் குற்றம். குரூப் அட்மினாக நீங்கள் இருந்தால் கண்டதும் அழியுங்கள்.

பள்ளியின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குத் தினமும் ரீல்ஸ் எடுத்துத் தரச் சொல்கிறார்கள். பெற்றோர் யாரும் ஆட்சேபிக்கவில்லை. இதில் தவறு உண்டா?
மழலையர் பள்ளி ஆசிரியை, சென்னை

ஆட்சேபிக்கவில்லை என்பது சம்மதம் ஆகாது. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி போட்டு வாங்கும் கையெழுத்து போதாது. வகுப்புக் கோப்பு, பெற்றோர் குரூப், பொதுப் பக்கம், விளம்பரம் என நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனியாக டிக் போடச் சொல்லுங்கள். வேண்டாம் என்றவரின் பிள்ளையை ஆட்டத்திலிருந்து விலக்கக்கூடாது, கேமராவைத்தான் திருப்பவேண்டும். அழுவது, உடை மாற்றுவது, பாத்ரூம், தண்டனை, உடம்பு சரியில்லாதது ஆகியவற்றை எந்தச் சம்மதம் இருந்தாலும் எடுக்கக்கூடாது. பள்ளிப் போனில் மட்டும் எடுங்கள். பாசத்தில் உங்கள் ஸ்டேட்டஸில் வைப்பதும் தவறுதான். பிள்ளை முகத்தை மூடிக்கொண்டால் போனை இறக்கிவிடுங்கள், அதுதான் அதன் பதில்.

மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ‘அ’ எழுத வரவில்லை. “நாலு அடி போட்டாவது எழுத வைங்க மிஸ், நாங்க எதுவும் கேக்கமாட்டோம்” என்கிறார் அப்பா.
எல்.கே.ஜி. ஆசிரியை, திண்டுக்கல்

அடிக்க அனுமதி கொடுக்கும் உரிமை அவருக்கு இல்லை. சிறார் நீதிச் சட்டம், 2015, 75-ஆவது பிரிவின்படி, பிள்ளைகளைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ள நிறுவனத்தில் வேலை செய்பவர் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கிள்ளுவதும், பாத்ரூமில் பூட்டுவதும், சாப்பாட்டை நிறுத்துவதும் பிள்ளைக்குக் கொடுமைதான்.

அப்பாவுக்குப் புரியும்படி காட்டுங்கள். பிள்ளைகள் சுமார் மூன்று வயதில் வட்டம் பார்த்து வரைவார்கள், நான்கில் கூட்டல் குறி, நாலரையை ஒட்டிச் சதுரம், ஐந்தில் முக்கோணம். ‘அ’வில் சுழியும் வளைவும் நேர்கோடும் ஒன்றாக வருகின்றன. கூட்டல் குறியே வராத கைக்கு அது எட்டாது. பிள்ளையின் கோப்பில் ஜூன் மாதக் கிறுக்கலையும் செப்டம்பர் மாத வட்டத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வீட்டில் செய்ய வேலையும் கொடுங்கள்: சப்பாத்தி மாவு பிசைவது, பட்டாணி உரிப்பது, கோலப் புள்ளிகளைச் சேர்ப்பது, தட்டில் பரப்பிய அரிசியில் விரலால் எழுதுவது. ஒன்றும் செய்யாமல் “பொறுங்க” என்று மட்டும் சொன்னால் அவர் டியூஷனில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார், அங்கே அடி விழும்.

மூன்று வயதுப் பிள்ளை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, எதையும் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. ஆட்டிசம் என்று எனக்குத் தோன்றுகிறது. “சொன்னா அட்மிஷன் போயிடும்” என்கிறார் தாளாளர்.
ப்ரீ கேஜி ஆசிரியை, விழுப்புரம்

‘ஆட்டிசம்’ என்ற சொல்லை நீங்கள் சொல்லக்கூடாது. பார்த்ததைச் சொல்லாமல் இருப்பதும் கூடாது. காது கேட்பதில் குறை இருந்தாலும் பிள்ளை திரும்பாது, ஆகவே முதலில் காதுப் பரிசோதனை. இரண்டு வாரம், காலை, சாப்பாட்டு வேளை, விளையாட்டு என்று வெவ்வேறு நேரங்களில் குறியுங்கள். “கவனமில்லை” என்று எழுதாமல், “பின்னாலிருந்து ஐந்து முறை கூப்பிட்டேன், ஒருமுறை திரும்பினான்” என்று எழுதுங்கள். பிள்ளைக்கு நன்றாக வருவதையும் எழுதுங்கள்.

அம்மா, அப்பா இருவரையும் உட்காரவைத்து, அரை மணி ஒதுக்கிப் பேசுங்கள். வீட்டில் எப்படி இருக்கிறான் என்று முதலில் கேளுங்கள். பல வீடுகளில் அவர்களே கவலைப்பட்டுக்கொண்டு, யாராவது கேட்கமாட்டார்களா என்றிருப்பார்கள். பிறகு குறிப்பைக் காட்டி, டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தின் கீழ் அவை நடக்கின்றன. தனியார் தெரபி மையம் ஒன்றை மட்டும் கைகாட்டி, அதற்குப் பள்ளி கமிஷன் வாங்குவதும் நடக்கிறது. அதற்கு உடந்தையாகாதீர்கள்.

“ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்” என்று பெற்றோர் தட்டிக்கழித்தால் கோபப்படவேண்டாம். மூன்று வாரம் கழித்துப் புதிய குறிப்போடு மறுபடி பேசுங்கள். அதுவரை வகுப்பில் அவன் எதிரே போய் உட்கார்ந்து, கண் மட்டத்தில் பேசி, சொல்வதைப் படம் காட்டிச் சொல்லுங்கள். இதற்கு டாக்டர் சீட்டு தேவையில்லை. குறிப்பின் நகலைப் பெற்றோர் கையில் கொடுத்துவிடுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.